ஞானஸ்நானம் வரை வருகிறார்கள், அப்புறம் காணவில்லை. சிறிய தமிழ்ச் சபையில் சீஷத்துவத்தை (புதிய விசுவாசியோடு கூடவே நடந்து அவரை வளர்ப்பதை) எங்கே தொடங்குவது?

செந்தூல் சபைக்காரர் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் கோலாலம்பூரில், செந்தூல் பக்கம் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் கமிட்டியில் இருக்கிறேன். கடை வரிசையில் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறோம். பிள்ளைகளையும் சேர்த்து எண்பது பேர் வந்துவிட்டால் அது எங்களுக்கு நிறைவான ஞாயிறு.

வருஷம் தவறாமல் ஞானஸ்நானம் நடக்கிறது, அதற்குக் குறைவில்லை. ஆனால் அடுத்த வருஷ ஞானஸ்நான ஆராதனையில் சுற்றிப் பார்த்தால் போன வருஷம் தண்ணீரில் இறங்கியவர்களில் பாதிப்பேரைக் காணோம். சிலர் வேறு சபைக்குப் போயிருப்பார்கள், அதை நான் இழப்பாக நினைக்கவில்லை. எங்கேயும் போகாமல் வீட்டோடு இருந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இதற்கிடையில் இந்த வருஷமும் மூன்று நாள் சிறப்புக் கூட்டம் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. மண்டபம், ஒலிபெருக்கி, தமிழ்நாட்டிலிருந்து பேச்சாளர், அவருக்கு விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் எங்கள் அளவுக்கு அது பெரிய தொகை. அந்தக் கூட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. அதன் வழியாக வந்து இன்றுவரை நிலைத்து நிற்கிற குடும்பங்கள் எங்களிடம் உண்டு. ஆனால் வந்தவர்களை வளர்ப்பதற்கு ஆள் இல்லாமல் மறுபடியும் ஆட்களைக் கூப்பிடுவது சரியா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஒரு சகோதரரைப் பற்றிச் சொன்னால் நான் எதைக் கேட்கிறேன் என்று புரியும். லாரி ஓட்டுநர், வீட்டில் அவரும் மனைவியும்தான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள், மற்ற எல்லாரும் சைவக் குடும்பம். ஞானஸ்நானம் எடுத்த சில மாதத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். இவர்தான் மூத்த மகன். கொள்ளி வைப்பதா, சடங்குக்கு உட்காருவதா, மொட்டை போடுவதா என்று ஒன்றும் தெரியாமல், கிடத்தியிருந்த உடலை விட்டு வெளியே வந்து சபை ஆட்களுக்குப் போன் அடித்திருக்கிறார். ஒருவர் "எதையும் தொடாதீங்க பிரதர்" என்றார். இன்னொருவர் "இந்த ஒரு தடவை செஞ்சிடுங்க, ஆண்டவருக்கு உங்க மனசு தெரியும்" என்றார். சித்தப்பாமார்கள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர்கள் சொன்னதைச் செய்தார். அதற்குப் பிறகு சபைக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு வருவதே இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன்போ பின்போ இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கவில்லை.

வேதபாட வகுப்பு என்று போட்டால் வருவதற்கு எங்கள் ஆட்களுக்கு நேரம் இல்லை. பாதிப்பேர் ஷிப்டு வேலை, சிலர் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள், பெண்கள் வேலையிலிருந்து வந்து சமைத்து முடிக்கவே இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. பாஸ்டரோ முழுநேர ஊழியர் இல்லை, பகலில் அவருக்கும் வேலை உண்டு. இந்த நிலையில் சீஷத்துவத்தை யார் செய்வது, எப்படித் தொடங்குவது? செய்து பார்த்த சபைக்காரர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் பெரியவர்:

தம்பி, உங்கள் சபையின் கதைதான் எங்கள் பக்கத்திலும் பல சபைகளின் கதை. நான் பிறந்தது முதல் மெதடிஸ்ட். அதனால் எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றை முதலில் சொல்கிறேன், உங்கள் கமிட்டியில் பேசுவதற்கு உதவும்.

1742ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு ஒரு கட்டடக் கடன் இருந்தது. அதை எப்படி அடைப்பது என்று பேசும்போது கேப்டன் ஃபாய் என்று ஒருவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாமே என்றார். ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேள்வி வந்தது. மிகவும் ஏழ்மையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் நான் போட்டுவிடுகிறேன் என்று அவரே சொன்னார். மற்றவர்களும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே வேறு விஷயங்களைக் கண்டார்கள். ஒருவன் குடிக்கிறான், ஒரு வீட்டில் ஓயாத சண்டை, ஒருவர் நோயில் கிடக்கிறார், யாருக்கும் தெரியாது. இதைக் கேட்ட வெஸ்லி, நாம் இத்தனை நாள் தேடியது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேர் அளவில் ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர், வாரம் ஒரு முறை சந்திப்பு, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பது. தலைவர்கள் எல்லாம் குருப்பட்டம் பெற்றவர்கள் இல்லை. கைவேலை செய்கிறவர்கள், கடைக்காரர்கள், பெண்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டுவதில் வெஸ்லிக்குச் சற்றும் குறையாதவர் ஜார்ஜ் விட்ஃபீல்ட். வெட்டவெளியில் நின்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தவர், 1739ல் வெஸ்லியை அந்த வழிக்கு இழுத்ததே அவர்தான். ஆனால் வெஸ்லி 1791ல் இறக்கும்போது பிரிட்டனில் மட்டும் 70,000 பேருக்கு மேல் வகுப்புகளில் பெயர் பதிந்து இருந்தார்கள். விட்ஃபீல்ட் ஐயா அப்படி ஒரு ஏற்பாட்டைக் கட்டி விட்டுப் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே சுவிசேஷத்தைத்தான் பேசினார்கள். இதை உங்கள் கமிட்டியில் சொல்லுங்கள்.

சரி, இங்கே வருகிறேன். பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கிற மூன்று தம்பிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஷிப்டு முடிந்து வருகிற வழியில் ஒரு மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), அங்கேதான் சந்திப்பு. மாற்கு சுவிசேஷம், ஒரு நாளைக்குப் பாதி அதிகாரம்கூடப் போகாது. ஒருவர் வாசிப்பார், இயேசு இதில் என்ன செய்கிறார் என்று பேசுவோம், அப்புறம் இந்த வாரம் எதில் கஷ்டம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம், நானும் சொல்வேன். ஜெபித்துவிட்டுக் கிளம்புவோம். ரொட்டி சானாய் ஆறுவதற்குள் முடிந்துவிடும் நாளும் உண்டு.

அதில் ஒரு தம்பி வெகு நாள் தலையை ஆட்டிக்கொண்டு "எல்லாம் ஓகே அங்கிள்" என்றே சொல்லிவந்தான். சில மாதம் கழித்து ஒரு காலையில், ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனிடம், கடன் வாங்கியிருக்கிறேன், வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்று போட்டு உடைத்தான். அன்றைக்கு வேதம் வாசிக்கவில்லை. தே தாரே (டீ) கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு பில்லுக்குப் பின்பக்கத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதினோம். பெற்றோரிடம் சொல்லப் போகும்போது நானும் கூடப் போனேன். ஞாயிறு ஆராதனையில் அவன் இதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான், எந்தப் பிரசங்கமும் அதை வெளியே கொண்டுவந்திருக்காது. அவன் நிமிர்ந்ததைப் பார்த்துத்தான் அவன் அண்ணன் குடும்பம் சபைக்கு வந்தது. நாங்கள் அழைப்பிதழ் எதுவும் கொடுக்கவில்லை.

நேரம் இல்லை என்கிறீர்கள். வகுப்புக்கு ஆட்களை வரவழைக்கப் பார்த்தால் நேரம் இருக்காது. அவர்கள் ஏற்கனவே சாப்பிடுகிற இடத்துக்கு நாம் போனால் நேரம் இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜம் மறைக்கல்வி ஆசிரியை:

நான் கத்தோலிக்கர், எங்கள் முறை கொஞ்சம் வேறு. இருந்தாலும் உங்கள் கேள்வியில் ஒரு இடம் என்னை உறுத்தியது. நீங்கள் எல்லாரும் திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) பின்னால் என்ன செய்வது என்று பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் எவ்வளவு காலம் கொடுக்கிறீர்கள்?

எங்கள் பங்கில் பெரியவர்கள் திருமுழுக்கு கேட்டு வந்தால் உடனே கொடுத்துவிடுவதில்லை. பல மாதம் வாராவாரம் உட்கார வேண்டும், தவக்காலத்தில் கடைசிக்கட்டத் தயாரிப்பு, பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தின இரவில்) திருமுழுக்கு, அதோடு விட்டுவிடாமல் பெந்தகோஸ்து வரை இன்னும் சில வாரம் சந்திப்பு. ரோமில் 1972ல் வெளியிட்ட சடங்குமுறை இது. ஆனால் இதன் வேர் மிகப் பழையது. ஆதித் திருச்சபையைச் சேர்ந்த இப்போலித்து எழுதியதாகச் சொல்லப்படும் பழைய நூல் ஒன்றில் மூன்று வருஷம் கேட்டுப் படிக்க வேண்டும் என்று இருக்கிறது. முடிவில் திருமுழுக்குக்குத் தேர்ந்தெடுக்கும்போது, அவரை அழைத்து வந்தவரிடம் இவர் எப்படி வாழ்ந்தார், கைம்பெண்களை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று விசாரிப்பார்கள். வசனம் ஒப்பித்தாரா என்ற கேள்வி அந்த இடத்தில் இல்லை. துன்புறுத்தலுக்கு நடுவே வளர்ந்த திருச்சபை, ஆட்களைச் சேர்ப்பதில் அவ்வளவு நிதானமாக இருந்திருக்கிறது. இதை நீங்கள் அப்படியே எடுக்க வேண்டாம், ஒரே மாதத்தில் தண்ணீரில் இறக்க வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள். உங்கள் லாரி ஓட்டுநர் சகோதரருக்கு முன்கூட்டியே சில மாதம் கிடைத்திருந்தால் சாவு வீடு, திருமணம், தைப்பூசம், தீபாவளி எல்லாம் பேச்சில் வந்திருக்கும்.

அடுத்தது ஞானப்பெற்றோர், அதாவது திருமுழுக்கு பெறுகிறவருக்குத் துணையாக நிற்கிறவர்கள். பல இடங்களில் இது போட்டோவுக்கு நிற்கிற பெயராகிவிட்டது, எங்களிடமும் அந்தக் குறை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் சரியாக எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கும் இடத்தில் புதியவர் விலகிப் போவது குறைவு, இதை நான் கண்ணால் பார்க்கிறேன். தீபகற்ப மலேசியாவின் குருக்கள் 1976ல் கூடி அடிப்படைக் கிறிஸ்தவ சமூகங்களைக் கட்ட வேண்டும் என்று தீர்மானித்ததிலிருந்து, அன்பியம் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சிறு குழுக் கூட்டங்கள் தாமான் தாமானாக (குடியிருப்புக்குக் குடியிருப்பு) நடக்கின்றன. அங்கேதான் யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் பிள்ளைக்கு எஸ்.பி.எம். பரீட்சை என்று தெரிய வருகிறது. ஜூலை மாதம் புனித அன்னாள் திருவிழாவுக்கு இங்கே வருகிற ஜனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ரோடே நிறைந்திருக்கும். அந்த பக்தி எனக்குப் பெரிது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது, அன்பியத்தில் வருகிறவரின் மாமியாருக்கு எந்தக் காலில் வலி என்பது வரை தெரியும்.

இன்னொன்று. அந்தச் சகோதரரைப் போய்ப் பாருங்கள். இந்தப் பேச்செல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பூச்சோங் சிஸ்டர்:

மேலே எழுதியவர்கள் ஆண்கள் சந்திப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சகோதரரின் மனைவி எங்கே? அவரும்தானே ஞானஸ்நானம் எடுத்தார். அந்தச் சாவு வீட்டில் மருமகளாக அவர் என்ன பாடுபட்டிருப்பார்!

நம் சபைகளில் பெண்களுக்குச் சீஷத்துவம் நடக்கிற இடம் சமையல்கட்டுதான், அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மாதக் கடைசி ஞாயிறு எங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். போன முறை கோழிக் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கல்யாணமாகி வந்த ஒரு தங்கச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, மாமியார் வீட்டில் சாமி கும்பிட்டுட்டு பிரசாதத்தைக் கையில கொடுக்கிறாங்க, வேணாம்னு சொன்னா அவங்க முகம் வாடிடுது, என்ன செய்றது?" அங்கேயே வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு போனில் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தையும் 10ஆம் அதிகாரத்தையும் திறந்தோம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். என் அறிவு என்ன, என்னைப் பார்க்கிறவரின் மனசாட்சி என்ன, அன்பு எதைக் கேட்கிறது என்று பவுல் எவ்வளவு பொறுமையாகப் போகிறார்! அடுப்படியில் நின்றிருந்த மூத்த அம்மா ஒருவர், தன் மாமியாரிடம் தான் எப்படிப் பேசினார் என்று சொன்னார். சாப்பிட மறுத்தால் போதாதும்மா, அன்றைக்கு அவங்க துணியைத் துவைச்சுப் போடு, கால் பிடிச்சு விடு, உன் சாமி உன்னை மரியாதை கெட்டவளா ஆக்கலைன்னு அவங்களுக்குத் தெரியணும் என்றார். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே கஷ்டம். ஆனால் அன்றைய பாடத்தை நடத்தியவர் அவர்தான். தீத்து 2ல் முதிர்வயதுள்ள ஸ்திரீகள் பாலிய ஸ்திரீகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருப்பது இதைத்தான் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் விஷயம் தனி. தேசியப் பள்ளியில் படித்த வாலிபர்கள் தமிழ் பேசுவார்கள், தமிழ் வேதத்தை வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள். "புறஜாதியார்", "நியாயப்பிரமாணம்" வந்ததும் நின்றுவிடுவார்கள். வெட்கப்பட்டே வாலிபர் கூடுகைக்கு வருவதில்லை. எங்கள் குழுவில் அவரவர் வாசிக்கத் தெரிந்த மொழியில் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டோம், ஆங்கிலமோ மலாயோ தமிழோ. பேசுவதும் ஜெபிப்பதும் தமிழில். பாட்டிமாரோடு உட்கார்ந்து ஜெபிக்கத் தமிழ் வேண்டும் அல்லவா? தமிழை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று மூத்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். வாசிக்க முடியாத வேதத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட இது மேல் என்பது என் உறுதியான எண்ணம். இப்போது அதில் இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே தமிழ் எழுத்து கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

காஜாங் வாலிபன்:

எல்லாரும் நல்லதைச் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முன்பு இருந்த ஒரு குழுவில் (பெயர் வேண்டாம்) சீஷத்துவம் என்ற பெயரில் நடந்ததே வேறு. வேலை மாற்ற வேண்டுமா, தலைவரிடம் அனுமதி. யாரைக் கல்யாணம் செய்வது, தலைவரிடம் அனுமதி. சம்பளச் சிலிப்பைக் காட்டச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனதற்கு, கீழ்ப்படியாத ஆவி என்று பெயர் வந்தது. விசுவாசத்தையே விட்டுவிடுகிற நிலைக்குப் போய்த் திரும்பி வந்தேன். என்னோடு இருந்த இரண்டு பேர் திரும்பவே இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1970களில் அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தை மையமாக வைத்து ஒரு மேய்ப்பு இயக்கம் பெரிதாகப் பரவியது, ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு மேய்ப்பர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று. நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார்கள். முடிவில் எத்தனையோ பேர் நொறுங்கிப்போனார்கள், அதன் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பிற்பாடு வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார்.

அதனால் தொடங்குவதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தெரிய வேண்டும், மூடிய அறையில் தனியாக உட்காரக் கூடாது. பணம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். இரண்டு பேராக இல்லாமல் மூன்று நான்கு பேராகச் சந்திப்பது இன்னும் நல்லது, பெரியவர் சொன்னாரே, மாமாக் கடை, அது பொது இடம், பலர் கண்முன் இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. வேண்டாம் என்று விலக நினைக்கிறவரை யாரும் துரத்தக் கூடாது. முக்கியமாக, வழிநடத்துகிறவர் சொல்வதை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை புதியவருக்கு உண்டு என்று முதல் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே அப்படித்தான் ஆராய்ந்து பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17:11 அவர்களைக் குறை சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்கிறது.

இதெல்லாம் சொல்வதால் சீஷத்துவம் வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் திரும்பி வந்ததே ஒரு அண்ணன் பொறுமையாக என்னோடு நடந்ததால்தான். என்னிடம் அவர் எந்தக் கணக்கும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், அப்புறம் சங்கீதம் ஒன்றைச் சேர்ந்து வாசிப்போம்.

செந்தூல் சபைக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. பதில்களை அச்சடித்து பாஸ்டர் கையில் கொடுத்திருக்கிறேன். ஆசிரியை அம்மா, நீங்கள் சொன்னபடி நானும் என் மனைவியும் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போய்வந்தோம். அவர் அதிகம் பேசவில்லை, மனைவிமார் இருவரும்தான் நிறையப் பேசினார்கள். திரும்ப வரலாமா என்று கேட்டோம், வாருங்கள் என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, சாவு வீட்டுச் சடங்கு பற்றி ஒரு சபையாக நாம் என்ன சொல்லிக் கொடுப்பது? இரண்டாவது, கமிட்டியில் கட்டாயம் கேட்பார்கள்: இதனால் சபை வளர்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சிறப்புக் கூட்டம் என்றால் எத்தனை பேர் வந்தார்கள் என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

பிரிக்பீல்ட்ஸ் போதகர்:

முதல் கேள்விக்கு, போதகர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. நான் என் சபையில் சொல்லிக் கொடுப்பதைச் சொல்கிறேன். பெற்றோரைக் கனம்பண்ணு என்பது கட்டளை, அது மரணத்தோடு முடிந்துபோவதில்லை. அதனால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். செலவில் உங்கள் பங்குக்கு மேலேயே கொடுங்கள். பாடையைத் தூக்குங்கள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுங்கள், மின்சுடலை வரை கூடப் போங்கள், சாம்பல் எடுக்கும் நாளிலும் அம்மாவின் பக்கத்தில் இருங்கள். படையலும் பூசையும் வருகிற இடத்தில் மட்டும் மரியாதையோடு ஒதுங்கிக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் தம்பியோ சித்தப்பா மகனோ நிற்கட்டும். கொள்ளி வைப்பதை மகனின் கடைசி மரியாதையாக மட்டும் பார்த்து அனுமதிக்கிற போதகர்கள் உண்டு, கூடாது என்கிறவர்களும் உண்டு. உங்கள் பாஸ்டரும் மூப்பர்களும் உட்கார்ந்து ஒரே பதிலை முடிவு செய்துவிடுங்கள், துக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதுதான் பெரிய கொடுமை. இதையெல்லாம் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரிடமே பேச வேண்டும். "அப்பா, நான் உங்களைக் கைவிட மாட்டேன், ஆனால் இது இது என்னால் முடியாது" என்று மகன் சொல்லும்போது பக்கத்தில் சபையிலிருந்து ஒருவர் இருந்தால் நல்லது. நடந்து முடிந்துவிட்டதென்றால், அதற்காக ஒருவரைத் தள்ளி வைக்காதீர்கள். பேதுரு மறுதலித்த பிறகு கரையில் கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் நம் ஆண்டவர்.

இரண்டாவது கேள்வி. நான் லுத்தரன், எங்கள் முன்னோரின் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706ல் அங்கே வந்து இறங்கினார். அவரிடம் 1718ல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், 1733ல் போதகராக அபிஷேகம் பெற்றார், சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையின் முதல் தமிழ்ப் போதகர் அவர். இடையில் 15 வருஷம். அந்த வருஷங்களில் அவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார், உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். சீகன்பால்க் 1719லேயே இறந்துவிட்டார், ஆரோன் போதகரானதை அவர் பார்க்கவில்லை. வருஷக் கணக்கு முடிக்கும்போது காட்டுகிற எண்ணிக்கையில் இது எங்கே வரும்?

ஆனாலும் கமிட்டிக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும், அது நியாயம். நாங்கள் செய்வது இது. சபையிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, பக்கத்தில் இவரை யார் பார்த்துக்கொள்கிறார், இவர் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று இரண்டு கட்டம். முதல் தடவை எழுதியபோது பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது, அதைப் பார்த்து மூப்பர்களே அமைதியாகிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்க்கிறோம். இரண்டாவது கட்டத்தில் புதுப் பெயர்கள் ஏறினால் சபை வளர்கிறது என்று அர்த்தம், ஞாயிறு நாற்காலி இன்னும் காலியாக இருந்தாலும் சரி. எங்களிடம் நாற்காலி நிறையத் தொடங்கியது அதற்கு வெகு நாளைக்குப் பிறகுதான். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிற வரிசையைப் பாருங்கள், 2 தீமோத்தேயு 2:2. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கற்கும் மற்றவர்கள். ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை.

பாஸ்டர் ஒருவரே எல்லாரையும் பார்க்க நினைக்க வேண்டாம், அதுவும் பகல் வேலை வேறு பார்க்கிறவர். அவர் நான்கு ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். இயேசுவே பன்னிரண்டு பேரைத்தான் "தம்மோடுகூட இருக்கவும்" ஏற்படுத்தினார், மாற்கு 3:14.

பணத்தைப் பற்றி. மண்டபத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை இப்படிச் செலவு செய்து பாருங்கள்: வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு பெட்ரோல், டோல். வாசிக்கிற மொழியில் ஆளுக்கு ஒரு வேதம். மாதம் ஒரு வீட்டில் சாப்பாட்டுச் செலவு, அந்த வீட்டுக்காரருக்குப் பாரமாக இல்லாமல். சிறப்புக் கூட்டத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் வருகிறவர்களைக் கைபிடித்துக் கூட்டிச் செல்ல ஒரு பத்துப் பேராவது தயாராகட்டும், யார் யாரோடு உட்காருவார் என்பது பேச்சாளர் விமானம் ஏறுவதற்கு முன்பே பட்டியலில் இருக்கட்டும்.

செந்தூல் சபைக்காரர்:

பாஸ்டர், மிக்க நன்றி. வியாழக்கிழமை கமிட்டியில் இதை வைக்கிறேன், பட்டியலை இன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டோம். பட்டர்வொர்த் ஐயா, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்கு வருகிறோம், உங்கள் மாமாக் கடைச் சந்திப்பில் ஒரு நாள் நானும் வந்து உட்காரலாமா?

பட்டர்வொர்த் பெரியவர்:

தாராளமாக வாங்க தம்பி. கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாங்க, நாளைக்கு உங்கள் சபையில் இதைச் செய்யப்போகிறவர் யாரோ அவரை. காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் பையன்கள் தூங்கப் போய்விடுவார்கள்.